மஞ்சள் பூத்துணி சுற்றிய கத்தரிக்கோல்

வீட்டைப் புகழ்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். தென்கொரியாவின் மேற்குக் கரையில், குன்சானில் இருபத்திரண்டு வருஷம் வீட்டுத் தரகு பார்த்ததில் நான் நிச்சயமாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். "அடடா, என்ன வெளிச்சம்! அந்த மரம் எவ்வளவு அழகு!" என்பவர்கள் சாப்பிட்ட பிறகு காலார நடக்க வந்தவர்கள். வாங்குகிறவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வருவார். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடும்போதே கழிப்பறையிலும் தண்ணீரை இழுத்துவிட்டு, குழாயில் நீர் மெலிகிறதா என்று பார்ப்பார். காலுறையோடு நின்று, தரைக்கடியில் ஓடுகிற வெந்நீர்க் குழாயின் சூடு எந்த மூலையில் நின்றுபோகிறது என்று கால்விரலால் தேடுவார். போன ஜனவரியில் கேஸுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்பார். போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். சொன்னால் விலை ஏறிவிடுமே.

மல்சுன் வீட்டுக்கு அந்த இலையுதிர்காலத்தில் வந்த பதினேழு பேரும் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

மல்சுனுக்கு ஐம்பத்து மூன்று வயது. எங்கள் சபைக்காரி, பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடுவாள். கணவர் தல்சூ வெல்டர். இங்கே கப்பல் கட்டும் தளம் கதவைச் சாத்தியதும் ஊரில் பாதி ஆண்கள் வேலை தேடிக் கிழக்குக் கரைக்குப் போனார்கள். தல்சூவும் உல்சானுக்குப் போய், ஒரு தனி அறையில் இருந்தார். மகள் போரா சியோலில் ஆஸ்பத்திரி வேலை. வீட்டை விற்றால்தான் உல்சானில் இரண்டு பேர் இருக்கிற மாதிரி ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியும். குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று அவரை பஸ் ஏற்றும்போது மல்சுன் சொல்லியிருந்தாள். முன்னாலேயே போயிருக்கலாமே என்றால், நான்தான் விடவில்லை. ஆள் இல்லாத வீடு சில்லிட்டுக் கிடக்கும். சில்லிட்ட தரையில் கால் வைத்தவர் திரும்பி வர மாட்டார்.

ஆகவே அவள் இருந்தாள். ஆள் வருகிற நாளில் ஒரு மணி நேரம் முன்னாலேயே தரையைச் சூடேற்றுவாள். பகலிலும் எல்லா விளக்கையும் போடுவாள். மீன் வறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மீன் இல்லாமல் சோறு இறங்காதவள், இரண்டு மாதம் முட்டையும் கீரையுமாக ஓட்டினாள். ஆள் வரும் நேரத்துக்கு பார்லியைக் கருக வறுத்துத் தேநீர் வைப்பாள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் யாருக்கும் உட்காரத் தோன்றும். உட்கார்ந்தார்கள். குடித்தார்கள். போனார்கள்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு தல்சூ போன் செய்வார். இரண்டு மூன்று தடவை நானும் கூட இருந்திருக்கிறேன்.

"போரா அம்மா, இன்னைக்கு யாராவது வந்தாங்களா?"

"ரெண்டு பேர் வந்தாங்க."

"நெஜமா வாங்குற ஆளா?"

"தெரியல. மரத்தைப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க."

"மரத்தை மட்டும் பேத்துக் குடுத்திரு. நீ மிச்ச வீட்டை முதுகுல கட்டிக்கிட்டு இங்க வந்துரு."

அவள் சிரிப்பாள். "சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. நூடுல்ஸ்."

"நேத்தும் அதானே?"

"நேத்து செவப்பு பாக்கெட். இன்னைக்கு மஞ்சள்."

அக்டோபர் கடைசியில் ஒருநாள், பதினேழாவது ஆளும் போன பிறகு, மல்சுன் தேநீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே, "அக்கா, இதுக்கு மேல நான் என்னதான் பண்றது?" என்றாள். அவள் முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கத்தரிக்கோல் தொங்கவிட்டுப் பாரேன்."

எங்கள் ஊர்களில் இது எல்லாருக்கும் தெரிந்தது. வீடு விலைபோகவில்லை என்றால், கறி சுட்டுச் சாப்பிடக் கூட்டம் அலைமோதுகிற கடையிலிருந்து, மேஜையில் கறி வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்றைக் கேட்காமல் எடுத்து வந்து, வாசல் பக்கம் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். கேட்டு வாங்கினால் பலிக்காது. எந்தக் கடை என்று வெளியே சொன்னாலும் பலிக்காது. கப்பல் தளம் மூடிய அந்த வருஷம் எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் கத்தரிக்கோல் தொங்கியது.

"போதகர் கேட்டா திட்டுவாரே, அக்கா."

"போதகர் வீடு விக்கிறாரா?" என்றேன்.

சிரித்தோம். நான் சபையில் பெண்கள் ஊழியத்துக்குப் பொறுப்பாக இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று மற்றவர்களுக்காக ஜெபிக்கிறவள். களவு செய்யச் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஒரு கத்தரிக்கோல்தானே.

அடுத்த தடவை போனபோது, செருப்பு அலமாரியின், வீட்டைப் பார்த்த பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தாள். வீட்டுக்குள் வருகிறவர் கண்ணில் படாது. வெளியே போகும்போது, வாசல் திட்டில் உட்கார்ந்து காலணி மாட்டுகிறவருக்குத்தான் முகத்துக்கு நேராகத் தெரியும்.

"ஜெபமும் பண்ணிட்டேன் அக்கா, இதையும் மாட்டிட்டேன்," என்றாள். "எது கேக்குதோ கேக்கட்டும்."

நான் அதை உற்றுப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

நவம்பர் நடுவில் சபையில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். இருநூறு முட்டைக்கோஸ். முந்தின நாளே பிளந்து உப்பில் போட்டதை, விடிந்ததும் முற்றத்தில் மூன்று பெரிய ரப்பர் தொட்டிகளில் அலசினோம். கடல் பக்கமிருந்து சேற்று வாடையோடு காற்று வந்து கன்னத்தை அறுத்தது. இரண்டு கையுறை போட்டும் விரல் மரத்துப்போனது. அலசியதைப் பிழிந்து அடுக்கினால், இன்னொரு வரிசைப் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு இதழுக்கு நடுவிலும் மிளகாய் விழுதைத் தடவுவார்கள். ஒரு பக்கம் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் புதுக் கிம்ச்சியில் சுற்றி வாயில் போட.

கறி பார்த்துக்கொண்டிருந்தவள் ஒக்புன். அறுபத்திரண்டு வயது, கணவனை இழந்தவள். சந்தை மூலையில் அவள் பன்றிக்கறிச் சாப்பாட்டுக் கடையில் சாயங்காலமானால் வரிசை நிற்கும். கடைக்கு மேலேயே ஓர் அறையில் இருந்தாள். செங்குத்தான இரும்புப் படி. கடுகுக்கீரையை வெட்டிக்கொண்டிருந்தவள் அடிக்கொருதரம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்ன அக்கா, கைவலியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"என் கத்தரிக்கோலைக் காணோம்டி. ரெண்டு வாரமாச்சு. கட்டைவெரல்ல மூட்டு தேஞ்சுபோச்சுன்னு பிடியில துணி சுத்தி வெச்சிருந்தேன். அது இருந்தா நாள் பூரா வெட்டுவேன். இது வெறும் இரும்பு, ஊசி மாதிரி குத்துது."

"வாடிக்கைக்காரன் எவனாவது வாசல்ல மாட்டியிருப்பான். வீடு விக்க."

"மாட்டட்டும்! அதுக்குன்னே டஜன் கணக்குல வாங்கித்தானே போடறேன். மேஜைமேல இருந்ததுல ஒண்ணு எடுத்திருந்தா ஒண்ணும் சொல்லமாட்டேன். இது என் மடியில இருக்க வேண்டியது. எச்சில் வாளியில விழுந்து போச்சோ என்னமோ, ரெண்டு நாள் வாளியைக் கவுத்துத் தேடினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எதிரில் மல்சுன் தொட்டிக்குள் குனிந்து ஒரே முட்டைக்கோஸை அலசிக்கொண்டே இருந்தாள். "இலை கிழியப்போகுது, விடுடி," என்று நான்தான் பிடுங்கிப் பிழிந்தேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது ஒக்புன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏ கேசுக், படி இல்லாத வீடு ஒண்ணு பாரு எனக்கு. கடைக்கு நடந்து போற தூரத்துல. இந்தக் குளிருக்கு மேல அந்த இரும்புப் படியில என்னால ஏற முடியாது."

"இருக்கு அக்கா. நாளைக்கே பாக்கலாம்."

"யாருக்கும் மூச்சு விடாதே. நான் மேல இருந்து போறேன்னு தெரிஞ்சா கட்டடக்காரன் கடையையும் காலி பண்ணச் சொல்லுவான். வீட்டுக்காரங்ககிட்டயும் என் பேரைச் சொல்லாதே."

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். மல்சுனுக்கு போனில், "நாளைக்கு மூணு மணிக்கு ஒருத்தர் வர்றாங்க. இது நெஜமான ஆள். வீட்டைச் சூடா வை," என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் இரும்பு எதிலோ இடித்தது. பிறகு, "கேட்டுருச்சு அக்கா," என்றாள். எது கேட்டது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கதவைத் திறந்த மல்சுன், என் பின்னால் நின்ற ஒக்புனைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள். தெரிந்தவளிடம் விற்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"உன் வீடா இது? நல்லதாப் போச்சு," என்று சொல்லி ஒக்புன் உள்ளே போனாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை. குழாயைத் திறந்தாள், கழிப்பறையில் இழுத்துவிட்டாள், திரும்பி வந்து நீரைப் பார்த்தாள். குந்தி உட்கார்ந்து தரையின் நாலு மூலையிலும் உள்ளங்கையை வைத்தாள். எதையும் பிடிக்காமல் எழுந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கன்னத்தைக் காட்டினாள். முற்றத்துச் சீமைப்பனிச்சை மரத்து உச்சியில் பறவைகளுக்கென்று விட்டிருந்த மூன்று பழங்களை எண்ணினாள். பார்லித் தேநீரைத் தொடவில்லை. எனக்குள் சந்தோஷம் பொங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நன்றாக வீடு பார்த்தவரை நான் பார்த்ததில்லை.

பின்னறையில், வடக்குச் சுவரோடு ஒட்டி நின்ற பீரோ முன்னால் அவள் நின்றாள்.

"இந்தச் சுவர் குளிருக்கு வேர்க்குமா?"

வேர்க்கும். பீரோவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. பீரோவை அங்கே நகர்த்தச் சொன்னதே நான்தான். மல்சுன் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இல்ல அக்கா. காய்ஞ்ச சுவர்," என்றாள் மல்சுன்.

ஒக்புன் தலையை ஆட்டினாள். வாசலுக்கு வந்து, திட்டில் மெதுவாக உட்கார்ந்து, காலணியை மாட்டக் குனிந்தாள். நிமிர்ந்தாள். அப்படியே இருந்தாள்.

ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலின் பிடியில், மஞ்சள் பூப்போட்ட பழைய மேலங்கித் துணி கிழித்துச் சுற்றியிருந்தது. ஒக்புன் கடையில் போடுகிற அந்த மேலங்கியை ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் கை நீட்டி, கட்டைவிரலை அந்தத் துணிமேல் ஒரு தடவை வைத்தாள். எடுக்கவில்லை.

"முழங்கால்… செருப்பு மாட்ட ஒரு நிமிஷம் ஆகுது," என்றாள். எழுந்து மல்சுனைப் பார்த்தாள். "நல்ல வீடு. தரை கதகதன்னு இருக்கு. மரமும் அழகா இருக்கு."

புகழ்ந்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் தெருமுனை திரும்பியதும் மல்சுன் வாசல் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேஜைத் தட்டுல இருந்துதான் அக்கா எடுத்தேன். அவங்க எனக்குக் கறி வெட்டிக் குடுத்துட்டு மறந்து வெச்சிட்டுப் போயிட்டாங்க போல. பைக்குள்ள போட்டு வீட்டுக்கு வந்துதான் துணியையே பாத்தேன்."

"நேத்து சபை முற்றத்துல வெச்சே சொல்லியிருக்கலாமே?"

"குடுத்துரணும்னுதான் நெனச்சேன். வீட்டுக்கு வந்து ஆணியில இருந்து கழட்டக்கூடச் செஞ்சேன். அப்பத்தான் உங்க போன் வந்துச்சு. நெஜமான ஆள்னு சொன்னீங்க. பலிக்க ஆரம்பிச்ச நேரத்துல எப்படி இறக்குவேன்? திரும்ப மாட்டிட்டேன்."

"எழுந்திரு. இப்பவே போவோம்."

"இன்னைக்கு வேணாம் அக்கா. எந்த மொகத்தோட போவேன்? நாளைக்கு."

நான் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும். எனக்கும் நாளைக்கு என்பது வசதியாக இருந்தது. சுவரைப் பற்றி அவள் கேட்டபோது நான் எங்கே பார்த்தேன் என்பது ஒக்புனுக்குத் தெரியாமலா இருக்கும்?

மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் கடையில் கூட்டமாக இருக்கும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மல்சுன் பாடகர் குழுவில் நிற்காமல் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லும் முன்பே எழுந்து போய்விட்டாள். இப்படியே பத்து நாள் ஓடிவிட்டது. பதினோராம் நாள், முதல் பனி விழுந்த மதியம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் போனோம். கத்தரிக்கோலை மல்சுன் வெள்ளைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒக்புன் தாழ்வான பலகையில் உட்கார்ந்து, கறி சுடும் இரும்புத் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

மல்சுன் முழங்காலிட்டு, துணியைப் பிரித்து வைத்தாள். "தப்புப் பண்ணிட்டேன் அக்கா."

ஒக்புன் கத்தரிக்கோலை எடுத்து, விரலை நுழைத்து, வெறும் காற்றை இரண்டு தடவை வெட்டிப் பார்த்தாள்.

"நேத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றாள். "பஸ் நிலையத்துக்குப் பின்னால ஒரு வீடு. வேற தரகர். ராத்திரி பூரா லாரி சத்தம் கேக்குமாம். படி இல்ல."

அடுத்த தட்டை எடுத்தாள். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"காத்திருந்தேன் மல்சுன். தெனமும் இந்த நேரத்துக்குக் கதவைப் பாத்துக்கிட்டே தட்டு சொரண்டுவேன். இன்னைக்கு வருவா, இன்னைக்கு வருவான்னு. பத்து நாள். அதுக்குமேல முழங்கால் கேக்கல."

"கத்தரிக்கோலுக்காகத்தான் வீட்டை வேணாம்னு…"

"போடி பைத்தியக்காரி! என் தம்பி கடை விக்கும்போது நானே பக்கத்துக் கடையில திருடித் தொங்கவிட்டவதான். கத்தரிக்கோல் போனா போகுது." தட்டைத் தண்ணீரில் போட்டாள். "சுவர் வேர்க்குமான்னு கேட்டேன்ல? இந்த ஊர்ல எந்த வடக்குச் சுவர் வேர்க்காம இருக்கு? வேர்க்கும் அக்கா, பீரோவை நகத்திப் பாருங்கன்னு சொல்லியிருந்தா, சரி, சுவர்க் காகிதம் மாத்தி ஒட்டிக்கலாம்னு போயிருப்பேன். அப்பக்கூட, ஏதோ பயத்துல சொல்றான்னு விட்டேன். கத்தரிக்கோலைப் பாத்ததும்தான் யோசனை வந்துச்சு. சபை முற்றத்துல கூடவே இருந்து என் கைவலியைக் கேட்டுக்கிட்டே இருந்தாளே, இவ வாயை நம்பி வேற எதை எதை வாங்கப்போறோம்னு. ஆனாலும் மறுநாள் நீ வந்திருந்தா வாங்கியிருப்பேன். அந்த வீடு எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஜன்னலைப் பாத்தே, கேசுக்."

"ஆமா அக்கா," என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவ்வளவுதான் என்று நாங்களும் எழுந்தோம். "எங்க போறீங்க? பனியில நனைஞ்சு வந்திருக்கீங்க," என்று இரண்டு கிண்ணம் எலும்புச் சூப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். முள்ளங்கிக் கிம்ச்சியை அந்தக் கத்தரிக்கோலாலேயே துண்டு துண்டாக வெட்டிப் போட்டாள். மல்சுன் அழுதுகொண்டே சாப்பிட்டாள். தேவன் எனக்கு அதுவரை காட்டிய கண்டிப்புகளில் அந்தச் சூடான சூப்பைப் போல எதுவும் என்னைச் சுட்டதில்லை.

குளிர்காலம் முழுக்க வீட்டைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு போன் வரும். புது வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் மல்சுன் என்னிடம் சொன்னாள்:

"இப்பல்லாம் அவர் கேக்கறதில்ல அக்கா."

"எதை?"

"ஆள் வந்தாங்களான்னு. உடம்பு எப்படி, போரா பேசினாளா, அவ்வளவுதான். நூடுல்ஸ் எந்த நிறம்னு நான் கேட்டா, என்ன நிறம்னு திருப்பிக் கேக்கறார். மறந்தே போயிட்டார்."

மார்ச்சில் ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். அவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்னால், மல்சுன் என்னைக் கூப்பிட்டாள். நானும் அவளுமாகப் பீரோவை இழுத்தோம்.

"குளிருக்கு வேர்க்கும். கொழந்தையை இந்தப் பக்கம் படுக்க வைக்காதீங்க," என்றாள்.

அந்தப் பெண் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போனார்கள். மறுநாள் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டுத் திரும்பி வந்தார்கள். வீடு அவர்களுக்குப் போயிற்று.

சாமான் ஏற்றுகிற காலையில் ஒக்புன் சந்துக்குள் நடந்து வந்தாள். பஸ் நிலைய வீட்டில் தூக்கம் சரியில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு சிறிய பொட்டலத்தை மல்சுன் கையில் வைத்தாள். புதுக் கத்தரிக்கோல். பிடியில் அதே மஞ்சள் பூத்துணி, மேலங்கியில் மிச்சமிருந்த பட்டையைக் கிழித்துப் புதிதாகச் சுற்றியது.

"தொங்கவிடாதே," என்றாள். "கிம்ச்சி வெட்டு."

கிம்ச்சி ஜாடிகளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் வண்டியில் உல்சான் வரைக்கும் போனேன். தல்சூ இளைத்திருந்தார். ஓடி ஓடிச் சாமான் இறக்கினார். "அக்கா, கஷ்டப்பட்டு வந்திருக்கீங்க," என்று எனக்குத் திரும்பத் திரும்ப வணக்கம் சொன்னார். வாடகைக்குப் பிடித்த வீடு சின்னதுதான். தரை சூடாக இருந்தது. சாயங்காலம் மல்சுன் மீன் வறுத்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் வறுத்த முதல் மீன். தாழ்மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் புதுக் கத்தரிக்கோலால் கிம்ச்சியை வெட்டி, அவர் சோற்றின் மேல் வைத்தாள். அவர் தலை நிமிராமல் வேகமாகச் சாப்பிட்டார். ஜன்னல் வழியாகத் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் விளக்குகள் தெரிந்தன. வழியில் பார்த்த பனியைப் பற்றி மல்சுன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "ம்," என்றார் அவர்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்தார். தன் கிண்ணத்தையும் கரண்டியையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு சுவரில் கை நீட்டி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிற அறைக்குப் போனார்.

நாங்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இருட்டில் மல்சுனின் சாப்பாட்டுக் குச்சிகள் கிண்ணத்தில் இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டு நின்றது. அவள் கூப்பிடவில்லை. ஒக்புனிடம் போகாமல் தள்ளிப்போட்ட அந்தப் பத்து நாளையும் நான் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் அவர் பதறிக்கொண்டு ஓடிவந்து விளக்கைப் போட்டார்.

"ஐயோ, போரா அம்மா… மறந்துட்டேன். நீ வந்துட்டேங்கறதையே மறந்துட்டேன்."

"பரவால்ல," என்றாள் மல்சுன். "உக்காருங்க. இன்னும் கொஞ்சம் மீன் இருக்கு."